வெற்றிடத்தின் ஆற்றலுக்கு ஒரு முழு மாலை: தமிழ்மொழி விழா ஏற்பாட்டாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். தொடக்கக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாலையில் உங்கள் விழாவில் நான் கேட்ட அறிவியல் உரை, பிரபஞ்சப் பிறப்பு முதல் கருந்துளை வரை 20 நிமிடங்களில் ஓடி முடிந்தது. பள்ளிச் சீருடையோடு வந்திருந்த ஒரு மாணவி எழுந்து, "ஒண்ணுமே இல்லாத இடத்துல எப்படி சார் எனர்ஜி இருக்கும்?" என்று கேட்டாள். நேரமில்லை என்று கூறி ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்கள். அறிவியலை ஆங்கிலத்திலேயே படிக்கும் நம் பிள்ளைகளுள் ஒருத்தி, அண்டவியலின் மிகக் கடினமான கேள்வியைத் தமிழில் ஒரே வரியில் கேட்டிருந்தாள். அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

அசையாத பிரபஞ்சத்தை நிலைநிறுத்த 1917இல் தம் ஈர்ப்புச் சமன்பாட்டில் தாம் சேர்த்த அண்டவியல் மாறிலி என்ற எண்ணை, பிரபஞ்சம் விரிவது தெரிந்தபின் ஐன்ஸ்டைனே கைவிட்டார். அணுவளவு உலகை விளக்கும் குவாண்டம் கோட்பாடோ வெற்றிடத்துக்கும் ஆற்றல் உண்டு என்கிறது; அந்த ஆற்றல் அதே மாறிலியைப் போலவே செயல்படும். அதை நேராகக் கணக்கிட்டால், 1க்குப் பின் ஏறத்தாழ 120 சுழியங்கள் இட்ட மடங்கு மிகையாக வருகிறது. உண்மையில் காணப்படுவதோ, ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ நான்கு ஹைட்ரஜன் அணுக்களின் நிறைக்கு ஈடான ஆற்றல்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் மின்தூக்கிக்குள் அடங்கும் வெளிக்குக் கணக்கிட்டாலும் சில பத்து அணுக்களைத் தாண்டாது.

பிரபஞ்சம் முழுவதையும் ஒரே குவாண்டம் நிலையாகக் கருதும் குவாண்டம் அண்டவியல் இந்த இடைவெளியை அடைக்க முயன்றது. 1983இல் இயற்பியலாளர்கள் ஜேம்ஸ் ஹார்ட்டிலும் ஸ்டீபன் ஹாக்கிங்கும், காலத்துக்குக் கூர்மையான தொடக்கப் புள்ளியே இல்லாத, விளிம்பில்லாத தொடக்கம் ஒன்றை முன்மொழிந்தார்கள். அந்த வழியில் 1984இல் ஹாக்கிங்கும், வெளியின் இரு பகுதிகளை இணைக்கும் சுரங்கங்களாகக் கருதப்படும் புழுத்துளைகளைத் துணைக்கொண்டு 1988இல் இயற்பியலாளர் சிட்னி கோல்மனும், மாறிலி பெரும்பாலும் சுழியாகவே இருக்கும் என்று வாதிட்டார்கள். நான் படித்தவற்றுள் மிக அழகான வாதங்களுள் அதுவும் ஒன்று. ஆனால், 1998இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்களை (வெடிக்கும் விண்மீன்களை) அளந்த இரு குழுக்கள், பிரபஞ்ச விரிவின் வேகம் கூடிக்கொண்டே போவதைக் கண்டன. மாறிலி சுழியன்று என்பதே அதற்கு எளிய விளக்கம். பல மில்லியன் விண்மீன் மண்டலங்களை வரைபடமாக்கும் டெசி (DESI) கருவியிலிருந்து 2024 முதல் வெளிவரும் அளவீடுகளோ, அது மாறாத ஒன்றுதானா என்ற ஐயத்தையே எழுப்புகின்றன; அதுவும் இன்னும் உறுதியாகவில்லை.

ஆகவே, வரும் விழாவில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஒரு மாலையை ஒதுக்குங்கள். "இதற்கு இன்னும் விடை தெரியாது" என்று மேடையிலேயே சொல்லத் தயங்காத ஒருவரை அழையுங்கள். ஒரு வெண்பலகை போதும். உரைக்கு அரை மணி நேரமும், மாணவர்களின் கேள்விகளுக்கு ஒரு மணி நேரமும் கொடுங்கள். கலைச்சொற்களைத் தொகுத்துத் தரும் பணியை நான் ஏற்கிறேன்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர், சிங்கப்பூர்