ஆர்ட்டரியா, வெயினா என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பகுதியில், பிறந்த குழந்தையின் துடிப்பு, மூச்சு, நிறம், அசைவு பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று போடும் அப்கார் மதிப்பெண் பற்றி எழுதியிருந்தீர்கள். மயக்க மருந்து நிபுணர் வர்ஜீனியா அப்கார் 1952-ல் கொண்டுவந்த அந்தக் கணக்கைப் பிரசவ அறையில் முப்பது வருடம் போட்டவள் நான். கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது கண்ணால் பார்த்துப் போடும் மார்க். எனக்கு 7 என்று படுவது பக்கத்தில் நிற்பவருக்கு 5 என்று படும். தவிர, குழந்தை துவண்டு கிடக்கிறது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. அம்மாவுக்குக் கொடுத்த மயக்க மருந்தாலும் துவளும், குறைமாதமாக இருந்தாலும் துவளும், வயிற்றுக்குள் ஆக்சிஜன் பற்றாமல் போனாலும் துவளும். கடைசிக் காரணத்தைப் பிரித்துக் காட்டுவது தொப்புள்கொடி ரத்தத்தை, அதன் அமிலத்தன்மையையும் வாயுக்களையும் அளக்கும் ஏபிஜி மெஷினில் போட்டுப் பார்க்கும் சோதனை. அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே என்றுதான் எழுதுகிறேன். (ஸ்டெம் செல் வங்கி விளம்பரங்களில் வரும் தொப்புள்கொடி ரத்தம் வேறு சமாச்சாரம்.)

மூன்று மாதத்துக்கு முன் என் மகளுக்குப் பிரசவம். பேரன் மாலை சுற்றிப் பிறந்தான், கழுத்தில் கொடி இரண்டு சுற்று. தாய்மாமனுக்கு ஆகாது என்று சம்பந்தியம்மா நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். என் மகனும் சமர்த்தாக எண்ணெயில் மருமகன் முகத்தைப் பார்த்தான். மாப்பிள்ளைக்குத்தான் வேறு கவலை. ஃபைலில் பின் அடித்திருந்த மெஷின் சீட்டைக் காட்டி, “அத்தை, பிஎச் 7.4 இருக்கணுமாம். இவனுக்கு 7.11 போட்டிருக்கே, மூளைக்கு ஏதாவது ஆகுமா?” என்றார்.

பிஎச் என்பது ரத்தத்தின் அமில அளவு, எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். அந்த 7.4 நம்மைப் போல மூச்சு விடுகிறவர்களின் கணக்கு. நல்லபடியாகப் பிறக்கும் குழந்தைக்கே கொடியின் ஆர்ட்டரியில் (தமனி) 7.27, 7.28 என்றுதான் இருக்கும். சரி, 7.11 அதைவிடவும் குறைவுதானே? பக்கத்தில் இன்னொரு சீட்டு இருந்தது. அதில் 7.32. எது ஆர்ட்டரி, எது வெயின் (சிரை) என்று இரண்டிலும் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

கொடியில் மூன்று குழாய். பெரிய வெயின் ஒன்று, நஞ்சிலிருந்து (பிளசென்டா) ஆக்சிஜன் உள்ள ரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டுபோகும். சின்ன ஆர்ட்டரிகள் இரண்டு, குழந்தை பயன்படுத்திய ரத்தத்தை நஞ்சுக்குத் திருப்பி அனுப்பும். ஆகவே குழந்தை எப்படி இருந்தது என்று சொல்வது ஆர்ட்டரி ரத்தம். ஆர்ட்டரி என்றால் சுத்த ரத்தம் என்று படித்துவிட்டு வரும் பயிற்சி மாணவிகள் இந்த இடத்தில் தடுமாறுவார்கள்.

7.11 சீட்டில் கார்பன் டை ஆக்ஸைடு 72, பேஸ் டெஃபிசிட் (அமிலத்தை ஈடுகட்டும் காரம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற கணக்கு) 6. மற்றதில் 40, 5. குழந்தையிடமிருந்து திரும்பும் ரத்தத்தில்தான் கார்பன் டை ஆக்ஸைடு அதிகம், ஆகவே 7.11-தான் ஆர்ட்டரி. கழுத்தில் கொடி இறுகும்போது சுவர் மெலிந்த வெயின்தான் முதலில் நசுங்கும். ஆர்ட்டரி சுவர் தடிப்பானது, சீக்கிரம் நசுங்காது. வெயின் அடைபட்டதும் வெளியே போக வேண்டிய கார்பன் டை ஆக்ஸைடு குழந்தையிடமே தேங்குகிறது, பிஎச் இறங்குகிறது. இப்படிக் கடைசி நிமிடங்களில் தேங்கியதைக் குழந்தை வீறிட்டு அழுதே வெளியேற்றிவிடும். இவனும் பிறந்ததும் ஊரைக் கூட்டினான். ரொம்ப நேரம் ஆக்சிஜன் பற்றாமல் லாக்டிக் அமிலம் சேர்ந்திருந்தால்தான் பேஸ் டெஃபிசிட் ஏறும். பிஎச் 7.0-க்குக் கீழே, டெஃபிசிட் 12-ம் அதற்கு மேலும் என்றால்தான் டாக்டர்கள் உஷாராவார்கள். அந்தக் குழந்தைகளிலும் பலர் நன்றாகத் தேறி வீட்டுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

இதையெல்லாம் 72-ஐயும் 40-ஐயும் வைத்து நானாகத்தான் பிரித்துச் சொன்னேன். நர்ஸ் மாமியார் இல்லாத மாப்பிள்ளை என்ன செய்வார்?

இந்தச் சோதனைக்குக் குழந்தையை ஊசியால் தொடவே வேண்டாம். கொடியில் ஒரு சாண் நீளத்தை இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு வெட்டி வைத்துவிட்டு முதலில் குழந்தையைக் கவனிக்கலாம். ஒரு மணி நேரம் வரை அப்படியே வைத்திருந்து எடுத்தாலும் பெரிதாக மாறாது. கிளாம்ப் போடாமல் நஞ்சோடு விட்டால்தான் கெட்டுவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தால் அலசிய சிரிஞ்சில் ஒரு மில்லி கூட வேண்டாம், காற்றுக்குமிழி மட்டும் இருக்கக் கூடாது. அவசரத்தில் ஊசி பெரிய வெயினுக்கே இரண்டு தடவையும் போய்விடும். இரண்டு சீட்டிலும் ஒரே எண் இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. வெயின் ரத்தத்தை ஆர்ட்டரி என்று நினைத்தால், திணறிய குழந்தையும் சீட்டில் நன்றாக இருக்கும்.

எல்லாப் பிரசவத்துக்கும் இது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதயத்துடிப்பு இறங்கியது, அவசர சிசேரியன், ஆயுதம் போட்டது, அழாமல் பிறந்தது, இவற்றுக்காவது எடுத்து, ஆர்ட்டரி, வெயின் என்று குறித்து, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஏற்றித் தர வேண்டும். மூளை முடக்குவாதத்தில் பெரும்பகுதி பிரசவ நேர மூச்சுத்திணறலால் வருவதல்ல. ஆனாலும் குழந்தை நடக்காமல் போகும்போது பழி பிரசவ அறை மேல்தான் விழுகிறது. அந்த நேரத்தில் பெற்றவர்களுக்கும் டாக்டருக்கும் கையில் இருக்கும் சாட்சி இந்தச் சீட்டுதான்.

7.0-க்குக் கீழே போன குழந்தைக்கு முதல் 6 மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள், மூளை பாதிப்பைக் குறைக்க உடம்பைக் குளிர்விக்கும் சிகிச்சையால் நம் பக்கத்தில் பலன் இல்லை என்று இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த ஹெலிக்ஸ் ஆய்வு 2021-ல் சொன்ன பிறகு என்ன மாறியிருக்கிறது என்பதையெல்லாம் பச்சிளங்குழந்தை மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுத வையுங்கள்.

— ஓய்வுபெற்ற செவிலியர், தேனி