இன்ஹேலர் பெட்டியில் ஒரு வரி தமிழில் வேண்டும்

ஆசிரியருக்கு,

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் எழுதித் தரும் டாக்டர்கள் பலர், உறிஞ்சிய பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்வதில்லை. புடசோனைடு போன்ற ஸ்டீராய்டு மருந்து வாயிலேயே தங்கினால், அங்கே சும்மா கிடக்கும் கேண்டிடா பூஞ்சை பெருகிவிடும். என் மாமியாருக்கு வந்தது இதுதான்: கன்னத்தின் உட்புறம் தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டு, துடைத்தால் அடியில் சிவப்பு, ரசம் சாதம்கூட எரிச்சல். வயிற்றுச் சூடு என்று அக்கம்பக்கத்தார் மணத்தக்காளிக் கீரையைச் சொன்னார்கள். கீரை நல்லதுதான், பூஞ்சையைக் கொல்லாது! டாக்டர் தந்த க்ளோட்ரிமசோல் மவுத் பெயின்ட்டில்தான் குணமானது. திட்டு மறைந்ததும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள்வரை தடவ வேண்டும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும், பல் செட்டைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கும் இது எளிதில் வரும். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு வேறு சங்கதி. புகையிலை போடுபவர்களுக்கு அப்படி இருந்தால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

‘உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்பவும்’ என்று பெட்டியில் தமிழில் அச்சிட மருந்து நிறுவனங்களுக்கு என்ன கஷ்டம்? அதுவரை மருந்துக் கடைக்காரர்களாவது சொல்லிக் கொடுக்கலாம்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர்