சென்ற ஆண்டு கட்-ஆஃப் இந்த ஆண்டுக்குப் பொருந்தாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நீட் முடிவு வெளியானதும், சென்ற ஆண்டு எந்த மருத்துவக் கல்லூரியில் எத்தனை மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்னும் ‘கட்-ஆஃப்’ பட்டியல் நாளிதழ்களிலும் வாட்ஸ்அப்பிலும் வலம்வரத் தொடங்கிவிடுகிறது. குமரி மாவட்டப் பெற்றோர் பலர் அதை அப்படியே இந்த ஆண்டுக்கும் பொருத்திப் பார்க்கிறார்கள். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நானே என் வீட்டில் அதே பிழையைச் செய்ததால் இதை எழுதுகிறேன்.

2025 கலந்தாய்வுக்கு என் அக்காள் மகள் விருப்பப் பட்டியல் தயாரித்தபோது நான் அருகில் இருந்தேன். 2024-ன் கடைசி மதிப்பெண்களைப் பழைய டைரியின் பின்பக்கத்தில் கல்லூரிவாரியாக எழுதி, அவளுக்கு எட்டாது என்று தோன்றிய அரசுக் கல்லூரிகளைச் சிவப்பு மையால் அடித்தேன். முதலில் அடித்தது எங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரியான ஆசாரிப்பள்ளத்தை. சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களை மட்டும் எழுதினோம், இடமும் கிடைத்தது. பிறகு ஒதுக்கீட்டுப் பட்டியலைப் பார்த்தால், அவளுடைய இடஒதுக்கீட்டு வகுப்பிலேயே தரவரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற ஒருவருக்கு ஆசாரிப்பள்ளம் கிடைத்திருந்தது. கட்டணத்துக்காக அக்காள் ரப்பர் விளையை ஒற்றி வைத்தாள்.

நடந்தது இதுதான். 2024-ல் திருத்தப்பட்ட முடிவின்படி 17 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தார்கள்; இயற்பியல் வினாக்கள் கடினமாக அமைந்த 2025-லோ அகில இந்திய முதலிடமே 686 மதிப்பெண்தான். பொதுப்பிரிவின் தகுதி மதிப்பெண்ணும் 162-லிருந்து 144-க்கு இறங்கியது. வினாத்தாள் கடினமானால் எல்லோருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும், இடங்களின் எண்ணிக்கை இறங்குவதில்லை. ஆகவே பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை அன்று, மாநிலத் தரவரிசையை. அதிலும் 69 சதவீத இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ள நம் மாநிலத்தில், அவரவர் இடஒதுக்கீட்டு வகுப்புக்குள்ளான வரிசையை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்குத் தனிப் பட்டியல் இருப்பதால், அந்த எண்களைப் பொதுப் பட்டியலோடு கலந்து பேசுவதும் குழப்பத்தையே தரும்.

இன்னொன்றும் அன்று எனக்கு உறைக்கவில்லை. நாம் எழுதிய வரிசையில், நம் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் கல்லூரியைத்தான் ஒதுக்குகிறார்கள் என்பதால், கிடைக்காது என்று நினைக்கும் கல்லூரியை மேலே எழுதுவதால் கீழே உள்ளது கைநழுவிப் போவதில்லை.

கட்-ஆஃப் உயர்ந்த கல்லூரியே கற்பித்தலிலும் சிறந்தது என்று கொள்வதற்கும் இல்லை. வீட்டுக்கு அருகில் என்பதற்காகவே பலர் கேட்டாலும் அது ஏறும். மருத்துவமனைக்கு நாள்தோறும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள், எந்தெந்தத் துறைகளில் முதுநிலைப் படிப்பு உள்ளது என்பதை நேரில் சென்று கேட்பது மேல்.

எனவே, இப்பட்டியல்களை வெளியிடும்போது மதிப்பெண்ணுடன் மாநிலத் தரவரிசை, வகுப்புவாரித் தரவரிசை, கலந்தாய்வுச் சுற்று ஆகியவற்றையும் மூன்று ஆண்டுகளுக்கு அருகருகே அச்சிடுமாறு தங்கள் நாளிதழைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.