உன் அட்டவணையும் ஹேவ்லாக் கடலும்

சென்னை,
10.1.2026

அன்புள்ள மாப்ளே,

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு வைத்தார்கள் என்று தங்கச்சி போனில் சொன்னாள். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. இடுப்பு எலும்பு என்றதும் நான் பயந்துதான் போயிருந்தேன். நீ டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டு எங்களை மட்டும் அந்தமானின் ஹேவ்லாக் தீவுக்குக் கட்டாயம் போகச் சொன்னாயே, அதற்கு உன்னை முதலில் நாலு திட்டு திட்டவேண்டும். போய்வந்துவிட்டோம். மூக்கு நுனியில் தோல் உரிகிறது. மற்றபடி சேதம் இல்லை.

நீ போட்டுக் கொடுத்த அட்டவணையைப் பற்றி மட்டும் கேள். ஆறு நாளையும் எழுதினால் நீயும் படிக்கமாட்டாய், எனக்கும் கை வலிக்கும். செவ்வாய்க்கிழமை ஒரு நாள் போதும். அன்றைக்கு உன் தாளில் என்ன எழுதியிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? "காலை 6.00: கடல் குளியல்."

ஐந்தரைக்கே எழுந்துவிட்டோம். நம்ம மேனேஜர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போனான். நாங்கள் தங்கியிருந்தது விஜய் நகர்ப் பக்கம், ஐந்தாம் நம்பர் பீச். அங்கே கடற்கரைகளுக்கு நம்பர்தான், நம்ம ஹாஸ்டல் ரூம் மாதிரி. தென்னைகளைத் தாண்டிப் போனால், கடலைக் காணோம்! முதல் நாள் மத்தியானம் மரத்தடி வரை தளும்பிய தண்ணீர் கூப்பிடு தூரத்துக்கு அப்பால் போயிருந்தது. நடுவில் சேறும் பாறையும் செத்த பவளமும். டோங்கி என்று அங்கே சொல்கிற மோட்டார் படகுகள் நாலைந்து ஒருக்களித்துப் படுத்திருந்தன, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நம்ம வார்டன் படுப்பாரே அதைப் போல.

"டேய், குளியல்னு போட்டிருக்கே, தண்ணி எங்கடா?" என்று மேனேஜர் தாளைப் பார்க்கிறான். மார்கழிப் பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள் அது. அந்தச் சமயத்தில் ஓதம் பெரிதாக ஏறும், பெரிதாக வற்றும். நீயும் நானும் பார்த்து வளர்ந்தது வைகை. அதுவும் வற்றும், ஆனால் ஆறு மணி நேரத்தில் திரும்பி வராது.

வேறு வேலை இல்லாததால் அந்தச் சேற்றில் இறங்கி நடந்தோம். ஒரு குழியில் முழங்கால் அளவுத் தண்ணீர் தேங்கியிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நண்டு, காலிச் சங்குக்குள் குடியிருக்குமே, அந்த இனம். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பக்கத்தில் இன்னொரு காலிச் சங்கு கிடந்தது, கொஞ்சம் பெரிசு. நண்டு அதைச் சுற்றிவந்தது. வாய்க்குள் ஒரு காலை விட்டுத் துழாவியது. உருட்டிப் பார்த்தது. திரும்பவும் உள்ளே கை விட்டது. "வாடகைக்கு வீடு பார்க்குதுடா" என்றான் வாத்தி. நாங்கள் நாலு பேரும் குந்திக்கொண்டு பார்க்கிறோம், ஒருத்தனும் பேசவில்லை. மேனேஜர் முப்பத்தைந்து வருஷம் வீட்டுக்கடன் கொடுத்தவன் அல்லவா, அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! திடீரென்று அது பழைய சங்கிலிருந்து உருவிக்கொண்டு வெளியே வந்தது. சுருண்ட, வெளிறிய, தோலுரித்த மாதிரி ஒரு பின்னுடம்பு. கண் இமைக்கும் நேரம்தான். புதுச் சங்குக்குள் பின்புறமாகச் செருகிக்கொண்டது. ஒரு உலுக்கு உலுக்கிப் பார்த்தது. பிறகு நடந்து போயேவிட்டது.

எழுந்திருக்கத்தான் சிரமம். எனக்கு மூட்டு பிடித்துக்கொண்டது, பக்கத்துப் பவளத்தில் கை ஊன்றி உள்ளங்கையைச் சிராய்த்துக்கொண்டேன். நம்ம 'டாக்டர்' (மருந்து ரெப்பாகத் திரிந்தவனுக்கு நீ வைத்த பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது) பையிலிருந்து ஆயின்மென்ட் எடுத்துத் தடவினான். அவன் பையில் ஒரு மெடிக்கல் ஷாப்பே இருக்கிறது. அரை நூற்றாண்டுக்கு முன்னால் அதே பையில் சீட்டுக்கட்டு இருக்கும்.

உன் தாளில் 9.00க்கு "எலிஃபெண்ட் பீச்" இருந்தது. போகவில்லை. 11.00க்கு இருந்ததும் நடக்கவில்லை. மரத்தடியில் பாயை விரித்துப் படுத்துவிட்டோம், கடல் தானாகத் திரும்பி வந்தது. முதலில் படகுகள் நிமிர்ந்தன. அப்புறம் நாங்கள் நடந்த இடமெல்லாம் மூடியது. பன்னிரண்டு மணிக்கு, படுத்திருந்த இடத்திலிருந்து பத்தடியில் கழுத்தளவுத் தண்ணீர், பச்சையும் நீலமுமாக. உன் ஆறு மணிக் குளியலைப் பன்னிரண்டரைக்குப் போட்டோம்.

சாப்பாடு ஒரு வங்காளி அம்மாவின் கடையில். 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு அது. அதனால் ஊரெல்லாம் ராதாநகர், கிருஷ்ணாநகர், ஷ்யாம்நகர். சூரைக் குழம்பு, கடுகெண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. டாக்டர் ஊறுகாய் பாட்டிலைத் திறந்துவிட்டான். நான் குழம்பையே இரண்டாவது தடவை வாங்கினேன், கையோடு சொல்கிறேன், அபாரம்.

சாப்பிட்டுவிட்டு மறுபடி பாய். வாத்தி ரிட்டயரானாலும் பாடம் எடுப்பதை விடவில்லை. ஹேவ்லாக்கும் நீலும் 1857இல் கலகத்தை அடக்கப் போன வெள்ளைக்கார ஜெனரல்கள், இரண்டு பேருமே அந்த வருஷம் லக்னோவில் செத்தார்கள், பக்கத்துப் பக்கத்துத் தீவாக இங்கே உட்கார வைத்துவிட்டார்கள் என்றான். 2018இல்தான் ஒன்று ஸ்வராஜ் தீவு, இன்னொன்று ஷஹீத் தீவு என்று மாறியிருக்கிறது. அந்த நீலுக்குத்தான் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை இருந்ததாம். 1927இல் அதை எடுக்கச்சொல்லி சத்தியாகிரகம் நடந்து, 1937இல் ராஜாஜி ஆட்சி வந்ததும் எழும்பூர் மியூசியத்துக்குப் போனதாம். நான் எழும்பூரில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவன். ஒரு நாள்கூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேனேஜர் குறட்டை விட்டான்.

இப்போது உன் பெரிய தப்புக்கு வருகிறேன். "மாலை 5.30: ராதாநகர் சேருதல். 6.10: அஸ்தமனம்." மதுரைக்குச் சரிதான். ஆனால் அந்தமானில் இருப்பதும் நம்ம கடிகாரம், சூரியன் மட்டும் அதைப் பார்ப்பதில்லை. கடிகாரத்தை வைத்தது மிர்சாபூர்ப் பக்கத்து 82½ பாகைத் தீர்க்கரேகையில், தீவு இருப்பது 93இல். பாகைக்கு நாலு நிமிஷம், கணக்குப் போட்டுக்கொள். ஆட்டோக்காரர் நாலு மணியிலிருந்து இந்தியில் என்னவோ சொல்லி அவசரப்படுத்தினார். எங்கள் நாலு பேர் இந்தியையும் கூட்டினாலும் ஒரு ஆள் இந்தி தேறாது. தலையைத் தலையை ஆட்டிவிட்டு டீ குடித்தோம்.

மகுவா மரங்களுக்கு நடுவே ஓடி மணலுக்கு வந்தபோது சூரியனில் ஒரு கீற்றுதான் மிச்சம். நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. அதுவும் போய்விட்டது. மணி ஐந்து பத்து! கூட்டம் திரும்ப ஆரம்பித்திருந்தது. அலை பின்வாங்கிய ஈர மணலில் ஆகாயத்தின் சிவப்பு கொஞ்ச நேரம் கிடந்தது. மேனேஜர் உன் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். காவலர்கள் விசில் ஊதி எங்களை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

எட்டு மணி வாக்கில் எங்கள் பக்கம் கரண்ட் போனது. வேர்க்கிறதே என்று ஐந்தாம் நம்பர் கரைக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனோம். அது கிழக்குக் கரை. மையிருட்டு. எதிரே கடலில் ஏதோ தீப்பிடித்த மாதிரி ஒரு செம்மை. கப்பலோ என்றான் டாக்டர். மெல்ல மேலே வந்தது, ஒரு பக்கம் தேய்ந்த நிலா, பரங்கிக்காய்க் கீற்று நிறம். யாரும் எதிர்பார்க்கவில்லை. "இது மாப்ளே தாள்ல இல்லையேடா" என்றான் மேனேஜர். அதற்கப்புறம் உன்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்பதை நேரில் சொல்கிறேன், பாதி கடிதத்தில் எழுதக்கூடியது இல்லை.

உனக்கென்று ஒன்றும் வாங்கிவரவில்லை. அந்தப் பழைய சங்கை எடுத்துவரலாம் என்று நினைத்தேன். சங்கு, பவளம் எதையும் எடுக்கக்கூடாது, ஏர்போர்ட்டில் பையைத் திறந்து பார்க்கிறார்கள். அதுவும் இல்லாமல், அடுத்த நண்டு வந்து கேட்டால்?

பொங்கல் கூட்டத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. 24ஆம் தேதி ராத்திரி பாண்டியனில் ஏறி ஞாயிறு விடிகாலை வந்துவிடுவேன். ஸ்டேஷனுக்கு வராதே, அம்மாவைத் தனியே விடவேண்டாம், ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லு, எனக்கு அவர்கள் கைச் சுண்டைக்காய் வத்தக்குழம்பு வேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து பக்குவம் சொன்னால் போதும், நானே வைக்கிறேன். அட்டவணையும் அப்போதே கொண்டுவருகிறேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் மட்டும் சூரைக் குழம்பு கொட்டியிருக்கிறது.

உன்,
மச்சான்