செயலாளர் ஆண்டறிக்கை: டிப்பெட்ஸ் ஓடையும் ஆலைக் குளமும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் தமிழ்ச் சங்கத்தின் சென்ற பொதுக்குழுவில் நான் வாசித்த அறிக்கையில் பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி, கிரிக்கெட் எல்லாம் முடிந்து கடைசியில் "ஓடைப் பணியிலும் பங்கேற்றோம்" என்று ஒரே ஒரு வரி இருந்தது. அதற்கு இரண்டு பேர் என்னைக் கோபித்துக்கொண்டார்கள். சேற்றில் இறங்கியவர்கள், கோபிக்க உரிமை உண்டு. அதனால் இந்த வருடம் தலைகீழ். பொங்கல் நன்றாக நடந்தது, சர்க்கரைப் பொங்கல்தான் போதவில்லை. பள்ளி தடையில்லாமல் நடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் சொல்வார். மீதி எல்லாம் ஓடை.

புதிதாகச் சேர்ந்த குடும்பங்களுக்காக முன்கதை கொஞ்சம். நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், 1 ஆம் எண் ரயிலில் கடைசி நிறுத்தத்தில் இறங்கி நாம் தினமும் நடக்கப் போகிற வான் கோர்ட்லண்ட் பூங்கா 1,146 ஏக்கர். வடக்கே யாங்கர்ஸில் பிறக்கும் டிப்பெட்ஸ் ஓடை இந்தப் பூங்காவுக்குள் வந்து ஒரு குளமாகத் தேங்குகிறது. பிராங்ஸின் மிகப் பெரிய நன்னீர்க் குளம் இதுதான். ஆனால் இயற்கையாக வந்த குளம் இல்லை. 1699 வாக்கில் ஜேக்கபஸ் வான் கோர்ட்லண்ட் ஓடையின் குறுக்கே அணை கட்டி, மரம் அறுக்கவும் மாவு அரைக்கவும் ஆலை வைத்தார். வேலை செய்தவர்கள் அடிமைகள். அவருடைய மகன் பிரெடரிக் 1749 இல் எழுதிய உயிலில் வீடு, நிலத்தோடு மனிதர்களும் சொத்தாக வருகிறார்கள். அதில் பியரோ என்ற ஆலைக்காரரும் அவர் மனைவி ஹெஸ்டரும் இருக்கிறார்கள். நெடுங்காலம் வான் கோர்ட்லண்ட் ஏரி என்று இருந்த பெயர் இப்போது 'ஹெஸ்டர், பியரோ ஆலைக் குளம்'. நம்மில் பலர் இன்னும் பழைய பெயரையே சொல்கிறோம், நானும்தான். மாற்றிக்கொள்வோம். அடிமைகளைப் புதைத்த இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. 2021 இல்தான் அதை அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள்.

சரி, குளத்துக்கு வந்த தண்ணீர் எங்கே போகிறது? நம் ஊர்க் கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தக் குளத்துக்கும் தெற்கு ஓரத்தில் ஒரு கலுங்கு உண்டு. அதில் வழிகிற தண்ணீர் இரும்புக் கம்பிகளுக்குள் விழுந்து, நேராகப் பாதாளச் சாக்கடைக்குப் போகிறது. 1912 இல் அப்படித் திருப்பிவிட்டார்கள். அன்று முதல் பிராட்வேக்கு அடியில் குழாயில் ஓடுகிறது ஓடை. மழையே இல்லாத நாளில்கூட 40 முதல் 50 லட்சம் காலன் வரை, அதாவது ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கோடி லிட்டர் நல்ல தண்ணீர், நம் கழிவறைத் தண்ணீரோடு கலந்து வார்ட்ஸ் தீவின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழை பெய்தால் குழாய் தாங்காது. கழிவும் மழைநீருமாக ஹார்லம் ஆற்றில் கொட்டும். ஏப்ரலில் பள்ளிப் பிள்ளைகளைக் கலுங்கைக் காட்ட அழைத்துப் போனோம். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டு, "அருவியா அங்கிள்?" என்றாள் ஒரு சிறுமி. என்ன பதில் சொல்வதென்று எனக்குக் கொஞ்ச நேரம் தெரியவில்லை.

2021 செப்டம்பர் 1 ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஐடா புயலின் எச்சம் அன்று சென்ட்ரல் பார்க்கில் ஒரே மணி நேரத்தில் 3.15 அங்குலம் மழை கொட்டியது. பூங்காவை ஒட்டிய மேஜர் டீகன் நெடுஞ்சாலை ஆறாகி, கார்கள் மூழ்கின. ஓடை தன் பழைய வழியைத் தேடி வந்தது என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னார். எங்கள் ஊர்ப் பக்கம் இதைத் 'தண்ணீருக்கு வாரிசு சான்றிதழ் தேவையில்லை' என்பார்கள்.

இப்போது மாநகராட்சி செய்ய நினைப்பது, ஓடையைச் சாக்கடையிலிருந்து பிரித்து மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. ஏறக்குறைய ஒரு மைல் நீளம். பூங்காவுக்குள்ளும், அதற்குத் தெற்கே பழைய புட்னம் ரயில் பாதை கிடந்த இடத்திலும் ஓடை திறந்தவெளியில் ஓடும். கடைசித் துண்டு மட்டும் தனிக் குழாய் வழியாக ஹார்லம் ஆற்றுக்கு. அந்த ரயில் நிலத்தை 2023 ஜனவரியில் 1 கோடியே 12 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். மொத்தச் செலவாக அப்போது சொன்னது 13.3 கோடி டாலர். ஹார்லம் ஆற்றில் கொட்டும் கழிவுநீர் ஆண்டுக்கு 22.8 கோடி காலன் குறையுமாம். குளத்தின் நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தவும் திட்டத்தில் இடம் உண்டு. பெருமழைக்கு முன்பே இறக்கிவைத்தால் வெள்ளத்தைக் குளமே வாங்கிக்கொள்ளும். மதகைத் திறந்து மூடத் தெரிந்த எந்தக் கண்மாய் நீர்க்கட்டியும் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் நாம் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் இந்த நேரத்திலும் ஓடை குழாய்க்குள்தான் இருக்கிறது.

அப்புறம் நாம் செய்த வேலை. வாட்டர் செஸ்ட்நட் என்கிற நீர்க்கொடி குளத்தை மூடிக்கொண்டு வருகிறது. நம் இந்தியக் கடைகளில் சிங்காடா மாவு விற்கிறார்களே, அதன் நெருங்கிய உறவுதான். இங்கே வந்தேறி. பாய் விரித்த மாதிரி இலைகள் பரவினால் கீழே வெளிச்சம் போகாது, மீனுக்கு மூச்சு முட்டும். அதன் காய்க்கு நான்கு முள், நெருஞ்சிக்கு அண்ணன். சேற்றில் விழுந்த விதை பன்னிரண்டு வருடம்வரை முளைக்கக் காத்திருக்கும். ஒரு வருடம் விட்டால் பல வருட வேலை மீண்டும் தொடக்கத்துக்கு வரும். ஆகவே காய் உதிர்வதற்குள், கோடையில், வேரோடு இழுக்க வேண்டும்.

ஜூலையில் இரண்டு சனிக்கிழமைகள் இறங்கினோம். முதல் நாள் கிரிக்கெட் முடித்து அப்படியே வந்த பையன்கள் வெள்ளைக் கால்சட்டையோடு படகில் ஏறினார்கள். திரும்பும்போது அது வெள்ளையாக இல்லை. செடியை மெதுவாகச் சுருட்டி இழுக்க வேண்டும், வெட்டென்று இழுத்தால் தண்டு அறுந்து வேர் அடியில் நின்றுவிடும். பிடுங்கியதைக் கூடையில் போட்டால் கீரைக்கட்டு மாதிரி கனக்கிறது, மணம் மட்டும் கீரை இல்லை. இரண்டாம் நாள் நானே படகிலிருந்து குளத்துக்குள் விழுந்தேன். இடுப்பளவு தண்ணீர், முழங்கால் அளவு கருஞ்சேறு. ஒரு செருப்பு இன்னும் அங்கேதான். அதைத் தேடி இன்னொருவர் இறங்க வந்ததைத் தடுத்தது மட்டும்தான் அன்று நான் செய்த புத்திசாலித்தனமான காரியம்.

ஆகஸ்டில் மூன்றாவது நாள் நடக்கவில்லை. ஒரு அலுவலகத்திலிருந்து வர வேண்டிய அனுமதிக் கடிதம் வரவில்லை. மூன்று முறை மின்னஞ்சல், இரண்டு முறை தொலைபேசி. கடிதம் செப்டம்பரில் வந்தது. அதற்குள் காய் உதிர்ந்துவிட்டது. என் தவறும் உண்டு: விண்ணப்பத்தை மே மாதமே போட்டிருக்கலாம். அடுத்த ஆண்டு மார்ச்சிலேயே போடுகிறேன்.

திட்டம் பற்றிய கலந்தாய்வுக் கூட்டத்திலும் கலந்துகொண்டோம். கலுங்கு பற்றி நம் உறுப்பினர் ஒருவர் கேட்ட கேள்விக்குப் பொறியாளர் தெளிவாகப் பதில் சொன்னார். கட்டும் காலத்தில் தூசியும் இரைச்சலும் வருமே என்று தெற்குப் பக்கம் குடியிருப்பவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான். நாம் அந்தப் பக்கம் வசிக்கவில்லை என்பதால் அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

செயற்குழுவில் ஒருவர், "நமக்கு எதுக்குங்க இந்த வேலை, தமிழ்ச் சங்கம்தானே?" என்று கேட்டார். விவாதம் நீண்டது, காபி ஆறியது. வாக்கெடுப்பில் ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஓடைப் பணி தொடர்கிறது. எதிர்த்து வாக்களித்தவர்தான் ஜூலையில் எல்லாருக்கும் புளியோதரை கட்டிக்கொண்டு வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கடைசியாக ஒன்று. சங்கம் வாங்கிய நீண்ட ரப்பர் பூட்ஸ் ஆறு ஜோடியில் ஐந்துதான் அலமாரியில் இருக்கிறது. எடுத்துப்போனவர் கழுவியே கொண்டுவர வேண்டும் என்பதில்லை, கொண்டுவந்தால் போதும்.

செயலாளர்