சாட்சியை அழித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இதழின் மூன்றாம் பக்கத்தில் 'சாட்சியை அழித்தவர் கைது' என்று தலைப்பு. பதறிப்போய்ப் படித்தால், அவர் அழித்தது செல்போனில் இருந்த ஒரு வீடியோவை! சாட்சி என்றால் ஆள். அந்த ஆள் கூண்டில் ஏறிச் சொல்வது சாட்சியம். ஆவணமும் வீடியோவும்கூடச் சட்டப்படி சாட்சியம்தான். 1872-ம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதினியம் வந்தபோது அரைப் பக்கம் எழுதினீர்கள். பெயரிலேயே 'சாட்சிய' இருப்பதைத் தாங்கள் கவனிக்காமலா இருந்திருப்பீர்கள்?

எனக்கு இதில் பழைய காயம் ஒன்று உண்டு. ஒரு விபத்தைக் கண்ணால் பார்த்த பாவத்துக்குக் கோர்ட்டுக்குப் போனேன். தெருவிளக்கு எரிந்ததா என்பதையே எதிர்த்தரப்பு வக்கீல் மூன்று விதமாகக் கேட்டார். குறுக்கு விசாரணை முடிந்து கையெழுத்துப் போட்ட தாளில் பாதி வரிகள், வக்கீல் சொன்னதை நான் மறுத்ததாக, 'நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல' என்கிற மாதிரி 'சரியல்ல'வில்தான் முடிந்தன. மறுநாள் தங்கள் பத்திரிகையில் என் பெயரைப் போட்டு, 'விபத்து வழக்கில் வாக்குமூலம்'! அகராதிப்படி அது தப்பில்லை என்பீர்கள். சரி. ஆனால் ஒப்புதல் வாக்குமூலத்தையே படித்துப் பழகிய பக்கத்து வீட்டுக்காரர், "ஜாமீன் கிடைச்சிடுச்சா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். அன்று எழுதிய கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

அப்புறம், இடிந்த சுவர், பட்ட மரம் எதைப் பார்த்தாலும் உங்கள் நிருபர்களுக்கு அது 'மௌன சாட்சி'. பேசாத சாட்சியை வைத்துக்கொண்டு எந்த வக்கீல் என்ன செய்வார்? சிறுவர் பகுதியில் 25-வது குறளின் 'இந்திரனே சாலுங் கரி'க்கு யானை என்று பொருள் போட்டிருந்தீர்கள். அங்கே கரி என்றால் சாட்சி. இந்திரனிடம் யானை இருப்பது உண்மைதான், அதற்காக வள்ளுவர் வாயில் அதைத் திணிக்க வேண்டுமா?

திருத்தம் வெளியிடச் சொல்லித் தொந்தரவு செய்யப்போவதில்லை. தலைப்பு எழுதுபவரின் மேஜையில் 'சாட்சி – ஆள். சாட்சியம் – அவர் சொல்வது' என்று ஒரு சீட்டு ஒட்டினால் போதும். வேலை இல்லாமல் எழுதுகிறேன் என்றால் சரியல்ல.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகன்