ரேடியோ முள்ளைக் கொஞ்சம் நகர்த்திப் பார்

அன்புள்ள கண்ணம்மா,

போன வாரம் பேசும்போது உனக்குப் பின்னால் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என்ன பாட்டு என்று கேட்டதும் "ஆப் போடுறதுதான்பா, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்று சொல்லி அணைத்துவிட்டாய். ஆப் மேல் எனக்குக் கோபமில்லை, நீ நேற்று விரும்பிக் கேட்டதைப் பார்த்து அதே சாயலில் இன்னொன்றை எடுத்துப் போடுகிறது, பாவம் அதற்கு வேறென்ன தெரியும்?

புது ஊருக்குப் போய் இத்தனை மாதமாகிறது, அந்த ஊர் ரேடியோவை ஒரு தடவையாவது கேட்டாயா? எஃப்.எம்.மில் 88இலிருந்து 108 வரை நிதானமாகத் திருப்பு. கணீரென்று வருகிற பெரிய நிலையங்களை முதலில் விட்டுவிடு, அதே இருபது முப்பது ஹிட் பாட்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். கொஞ்சம் இரைச்சலோடு வருகிறதே, அங்கே நில். சமுதாய வானொலி, கல்லூரி வானொலி எல்லாம் குறைந்த சக்தியில் ஒலிபரப்புவதால் சில கிலோமீட்டர் தாண்டினாலே கரகரக்கும். ஆனால் அங்கேதான் யாரோ ஒருவர், பெரும்பாலும் சம்பளம் வாங்காதவர், தனக்குப் பிடித்ததை ஆசையாகப் போடுவார். நடுவில் தடுமாறுவார், தப்பான தட்டைப் போட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்கு அதுவே பிடிக்கும்.

பிடிக்காத பாட்டு வந்தால் உடனே மாற்றாதே, முழுசாக ஓடட்டும். ஜாஸ் என்றாலே எனக்கு அலர்ஜியாக இருந்தது உனக்குத் தெரியுமே, ரேடியோவில் அடுத்த பாட்டுக்குத் தாவ வழியில்லாததால்தான் அது என் காதுக்குள் வந்தது.

ராத்திரியில் மீடியம் வேவ் என்கிற பழைய ஏ.எம். அலைவரிசைப் பக்கமும் போய்ப் பார். பகலில் அந்த அலைகளை வானத்தின் கீழடுக்கு ஒன்று விழுங்கிவிடும், பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு கலைந்துபோவதால் மேலடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி வந்து விழும். அப்படித்தான் ஒரு ராத்திரி, நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு பெண்ணின் குரல் வந்தது. என்ன மொழி என்று புரியவில்லை. ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் அவள் மூச்சிழுப்பது தனியாகக் கேட்டது, பின்னால் ஒரே ஒரு தந்தி வாத்தியம். பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பெயரைச் சொன்ன அந்த நொடியில் இரைச்சல் வந்து மூடிவிட்டது! அந்தப் பாட்டு இன்றுவரை கிடைக்கவில்லை. நீயாவது நேரத்தையும் நிலையத்தின் பெயரையும் குறித்து வை. பல நிலையங்கள் ஒலிபரப்பிய பாட்டுகளின் பட்டியலை இணையத்தில் போடுகின்றன, சில ரேடியோக்களின் திரையிலேயே பாட்டின் பெயர் ஓடும்.

ரேடியோ வாங்கச் சோம்பலாக இருந்தால் ரேடியோ கார்டன் என்ற இணையதளம் இருக்கிறது, 2016இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது. பூமி உருண்டையை விரலால் சுழற்றி எந்தப் புள்ளியில் நிறுத்துகிறாயோ அந்த ஊர் நிலையம் பாடும். பிரான்ஸின் எஃப்.ஐ.பி. வானொலியையும் கேள், 1971இலிருந்து ஒலிபரப்பாகிறது, ஜாஸுக்கு அடுத்து சாஸ்திரிய இசை, அப்புறம் சினிமா இசை என்று கலந்துகட்டிப் போடுவார்கள். ஆனாலும் உன் ஊர் நிலையத்தை முதலில் கேள், சரியா?

அடுத்த தடவை பேசும்போது பின்னால் ரேடியோ பாடினால் அணைக்காதே. நானும் கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா